புத்தகத்தை மூடிப் படியுங்கள்



இவ்வாண்டு மலருக்கு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் வகையில் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஆலயப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். ஓய்வு பெற்றபின் நம் மண்டபத்தில் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவன். ஆகவே இது எனக்கு எளிதான வேலை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தபோது எளிதாக இல்லை. இந்தப் பொருளைப் பற்றி நான் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது தவறு. அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது.

நான் சொல்லிவந்தது ஒரே வாசகம்தான்: "இன்னும் ஒரு முறை படி." மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் அதைச் சொன்னேன். பயந்து நின்ற பிள்ளையிடமும் அதையே சொன்னேன். உபயதாரர்கள் தந்த பணத்தில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று வண்ணக்கோல்கள் வாங்கிக் கொடுத்து, முக்கியமான வரிகளைத் தீட்டிக்கொள்ளச் சொன்னேன். என் குறிப்புகளை நகல் எடுத்துக் கட்டுக்கட்டாக வழங்கினேன். பிள்ளைகள் நல்லவர்கள். சொன்னபடி தீட்டினார்கள், சொன்னபடி படித்தார்கள்.

வரலாற்றுப் பாடம் விளையாட்டான பாடமன்று என்பது பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்கும். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும் என்பது பழைய விதி. 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும் என்றாகிவிட்டது. மற்றப் பாடங்களில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் வரலாற்றில் தவறினால் சான்றிதழ் கையில் வராது. அந்த விதி வந்த மறு ஆண்டு, 2014-இல், நம் மாலை வகுப்பிலிருந்து எழுதிய ஒரு பையன் அந்த ஒரு பாடத்தில்தான் தவறினான். கணக்கில் கெட்டிக்காரன். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம் வந்து, "சார், படிக்கும்போது எல்லாம் புரியுது, ஆனா மண்டையில நிக்க மாட்டேங்குது" என்றான். "இன்னும் ஒரு முறை படி" என்றேன். தவறிய பாடத்தை மறுபடியும் எழுதலாம் என்று பிறகு எடுத்துச் சொன்னேன். அதற்குள் வீட்டு நிலைமை அவனை லாரி வேலைக்கு அனுப்பிவிட்டது. இன்றும் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் என்னைக் கண்டால் ஓடிவந்து வணங்குகிறான். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கண் திறந்தது 2018-ஆம் ஆண்டு. செப்டம்பர் மாதம் சோதனைத் தேர்வு முடிந்து, ஒரு பெண் விடைத்தாளோடு வந்தாள். தாயார் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை. இவள்தான் தம்பிகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வகுப்புக்கு வருவாள். அவளுடைய பாடநூலைப் புரட்டிப் பார்த்தேன். வண்ணம் படாத பக்கமே இல்லை. "ஆறு தடவ படிச்சேன் சார். படிக்கும்போது எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கேள்வித் தாளப் பாத்ததும் ஒன்னுமே வரல" என்று சொல்லி அழுதுவிட்டாள். நான்கு ஆண்டுக்கு முன் அந்தப் பையன் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். வழக்கமான வாசகம் என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்தின் ஒரு பக்கத்தில் திருமுறை வகுப்பு நடக்கும். நான் சற்று முன்னதாகவே போய்த் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணும் அங்கே இருந்தாள்; திருமுறை ஓதும் போட்டிக்குப் பயிற்சி. ஓதுவார் ஐயா ஒரு பதிகத்தின் முதல் பாடலை இரண்டு முறை ஓதிக் காட்டினார். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை உடன் ஓதினார்கள். பிறகு, "புத்தகத்த மூடுங்கம்மா. இப்ப நீங்க சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் தொடங்கினாள். மூன்றாம் அடியில் தடுக்கி நின்றாள். ஐயா சொல்லிக் கொடுக்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு அடியின் முதற்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மீதியை அவளே பிடித்துக்கொண்டு முடித்தாள். அதன் பிறகே, "இப்பப் புத்தகத்தத் திறந்து எங்க விட்டீங்கன்னு பாருங்க" என்றார். அது முடிந்ததும் புதிய பாடலுக்குப் போகவில்லை. போன வாரப் பதிகத்தைக் கேட்டார். பிறகு தைப்பூசத்துக்கு முன்பு கற்ற ஒன்றைக் கேட்டார். அதை அவள் ஒரு சொல் பிசகாமல் பாடினாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு பாடல்களை, அதுவும் பல நூற்றாண்டுக்கு முந்திய தமிழை, பண்ணோடு நினைவில் வைத்திருக்கிற பிள்ளைக்கு மலாயன் யூனியனை ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு மூன்று காரணம் நினைவில் நிற்காதா? பிள்ளையின் மூளையில் குறை இல்லை. ஓதுவார் ஐயா புத்தகத்தை மூடச் சொன்னார். நான் திறந்து வைக்கச் சொன்னேன். இரண்டு வகுப்புக்கும் நடுவே இருந்த வேறுபாடு அதுதான்.

அதன் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் இதை முன்னமே படித்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. ஜெர்மனியின் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற அறிஞர் 1885-இல் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தவர் அவர். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவிவிடுகிறது என்றும், பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்றும் கண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் உட்கார்ந்து படித்துவிட்டு, மறு ஞாயிறு வரை திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதைவிட என்னை உலுக்கியது 2006-இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறிய உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் அதை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு வேளை படித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு குழுவினர் ஒரே வேளைதான் படித்தார்கள். மற்ற மூன்று வேளையும் பகுதியைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். படித்தவர்களே முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு.

இந்தக் கணக்கைப் பெற்றோர்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு அன்றிரவு எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அது பொய்யன்று; அந்த நேரத்துக்கு உண்மையிலேயே தெரியும். பக்கத்தைப் பார்க்கும்போது, "ஆமாம், இது தெரியும்" என்று மனம் சொல்லும். ஆனால் தேர்வு மண்டபத்தில் பக்கம் இருக்காது. தெருவில் ஒருவரைப் பார்த்து, "இவரைத் தெரியுமே" என்று சொல்வது ஒன்று. அவர் கண்ணெதிரே இல்லாதபோது அவர் பெயரைச் சொல்வது வேறொன்று. தேர்வு கேட்பது இரண்டாவதை. நம் பிள்ளைகள் இரவெல்லாம் பழகுவது முதலாவதை. புத்தகத்தை மூடிப் பழகும் பிள்ளைக்கோ அன்றிரவு ஒன்றுமே தெரியாததுபோல் இருக்கும், மனம் சோர்ந்துவிடும். அந்தச் சோர்வைக் கண்டு வழியை மாற்றிவிடக் கூடாது. வண்ணக்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் ஜான் டன்லோஸ்கி என்பவரும் நால்வரும் சேர்ந்து பத்துவகைப் படிப்பு முறைகளை ஆராய்ந்து மதிப்பிட்டார்கள். கோடிட்டு வண்ணம் தீட்டுவதும், திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் பயன் மிகுந்தவை என்று நின்றன. நான் நகல் எடுத்துக் கொடுத்த குறிப்புகளின் நினைவு வந்து, அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

சைவம் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நம் சித்தாந்தம் படி வகுத்திருக்கிறது. கேட்டல் முதற்படி மட்டுமே. நாம் நம் பிள்ளைகளை அந்த முதற்படியிலேயே ஏறி இறங்கச் செய்துகொண்டிருந்தோம். (அது ஞானத்துக்குச் சொன்னது, எஸ்.பி.எம். தேர்வுக்குச் சொன்னதில்லை என்று ஓதுவார் ஐயா என்னைத் திருத்தினார். அவர் சொன்னது சரிதான்.)

இனி, மண்டபத்தில் நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒரு பாடப் பகுதியைப் பிள்ளை ஒருமுறை கவனமாகப் படிக்கிறது. பிறகு புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். மேசைமேல் இருந்தால் கை தானாக அதனிடம் போகும். வெற்றுத்தாளை எடுத்து, நினைவில் உள்ளதை எழுத வேண்டும். அழகான கையெழுத்து வேண்டாம், முழு வாக்கியமும் வேண்டாம். மலாயன் யூனியன் பாடம் என்றால், 1 ஏப்ரல் 1946-இல் தொடங்கியது, சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, ஜுஸ் சோலி என்னும் பிறப்புரிமைக் குடியுரிமை, சுல்தான்களிடம் கையொப்பம் வாங்க ஹெரால்டு மேக்மைக்கேல் நடந்துகொண்ட விதம், அம்னோ உதயம், 1 பிப்ரவரி 1948-இல் மலாயாக் கூட்டரசு வந்தது என்று எது வருகிறதோ அது. எழுத்து நின்றுபோனால் உடனே புத்தகத்தை எடுக்கக் கூடாது. ஓதுவார் ஐயா காத்திருந்ததுபோல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பிள்ளைகளுக்குப் பெரிய வேதனை; உச்சுக் கொட்டுவார்கள், கூரையைப் பார்ப்பார்கள். படிப்பு நடப்பது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது; இல்லாவிட்டால் தவறாக எழுதியதே மனத்தில் பதிந்துவிடும்.

அதே பகுதியை மறுநாள் வெற்றுத்தாளில் மறுபடி எழுதுகிறார்கள். பிறகு நான்கைந்து நாள் கழித்து, பிறகு இரண்டு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து. இது ஏதோ நாள் நட்சத்திரம் பார்த்து வகுத்த கணக்கன்று; சற்று முன்பின் ஆனாலும் கேடில்லை. மறக்கத் தொடங்கும் வேளையில் நினைவுகூர வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே இந்த முறைக்குத் தேர்வுக்கு முந்திய வாரம் போதாது. ஐந்தாம் படிவம் தொடங்கிய மாதமே பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நான் ஆண்டுதோறும் பெற்றோர்களைக் கெஞ்சுவது இதனால்தான். சோதனைத் தேர்வில் தவறிய பிறகு அழைத்துவந்து, "எப்படியாவது தேத்தி விடுங்க சார்" என்றால், இருக்கிற நாளுக்குள் செய்யக்கூடியதைத்தான் செய்ய முடியும்.

கணக்குக்கு வேறொரு சங்கதி உண்டு. பயிற்சிப் புத்தகத்தில் ஒரே வகைக் கணக்கு இருபது அடுத்தடுத்து இருக்கும். மூன்றாவது கணக்குக்குப் பிறகு பிள்ளை யோசிப்பதில்லை, கை மட்டுமே ஓடுகிறது. தேர்வுத் தாளில் எந்தக் கணக்கு எந்த வகை என்று யாரும் தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள். ஆகவே பழைய அதிகாரங்களின் கணக்குகளையும் கலந்து போடச் செய்கிறோம். பிள்ளைகள் முதலில் நிறையத் தவறுவார்கள், முணுமுணுப்பார்கள். விட்டுவிட வேண்டும்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. படித்தது மனத்தில் நிலைபெறத் தூக்கம் தேவை. தேர்வுக்கு முந்திய இரவு விடிய விடியக் கண்விழிப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தாயார் இரண்டு மணிக்கு மைலோ கலக்கிக் கொடுத்ததை உறவினரிடம் சொல்லி மகிழ்வார். அந்த மைலோவைப் பத்து மணிக்குக் கொடுத்துப் படுக்கவைப்பது நல்லது. கைத்தொலைபேசிகளை வகுப்பில் ஒரு மூங்கில் கூடையில் போட்டுவிடுகிறோம். தொடக்கத்தில் என்னுடையதை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்தேன். புலனச் செய்தி ஒன்று வந்து மணியடித்ததும் ஒரு மாணவி என்னைப் பார்த்த பார்வையில், என்னுடையதும் கூடைக்குப் போயிற்று.

"எனக்கு மலாய் சரியா வராது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மார்கள் பலர். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேளுங்கள். 2018-இல் அழுத அந்தப் பெண்ணின் தாயார் இதைத்தான் செய்தார். வேலைக்குக் கிளம்புமுன் மகள் பக்கத்தில் நின்று, "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்பாராம். மலாயில் படித்ததை மகள் தமிழில் சொல்ல வேண்டும். "ராஜாவுங்க எப்படி அதுக்குக் கையெழுத்துப் போட்டாங்க?" என்று தாயார் இடையில் கேட்பார். பதில் தெரியாவிட்டால் மகள் புத்தகத்தைப் பார்த்து மறுநாள் சொல்வாள். அந்த அம்மாள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அந்தக் கடைசி இரண்டு மாதத்தில் அவர் செய்தது என் வகுப்புக்குக் குறைந்ததன்று. அந்தப் பெண் வரலாற்றில் 'சி பிளஸ்' வாங்கினாள். பரிசளிப்பு விழாவில் மேடை ஏறும் மதிப்பெண் இல்லை. ஆனால் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டு தாதிமைப் பயிற்சிக்குப் போனாள். அதே ஆண்டு, அதே முறையில் படித்த வேறொரு பையன் தவறினான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவன் வகுப்புக்கு வந்த நாள்கள் குறைவு. ஏன் குறைவு என்று நான் வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அது என் குறை.

உபயதாரர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வுக்கு முன் எழுதுகோல்களை வைத்துக் கல்விப் பூசை செய்வதை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் கையாலேயே பிள்ளைகளுக்குத் திருநீறு இட்டு எழுதுகோல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நடுங்கும் பிள்ளைக்கு அது தெம்பு. ஒரு நாள் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம், சிறந்த பேச்சாளரை அழைக்கிறோம். பிள்ளைகள் கைதட்டி, அழுது, சபதம் எடுத்து வீடு போகிறார்கள். திங்கட்கிழமை எந்தப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் நடத்தியது, வாரந்தோறும் வகுப்பும் நடத்தியது. யாத்திரையைப் பார்த்தவர்கள் பலர். அந்த வாரந்தோறும் நடந்த வகுப்பின் அருமையைக் கண்டவர்கள் குறைவு. ஒரு நாள் விழாவுக்கு நம் ஆலயத்தில் உபயம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. நாற்பது செவ்வாய்க்கிழமைக்கு விளக்கும் விசிறியும் ஓடுவதற்கு யாரும் பெயர் எழுதுவதில்லை.

ஆகவே இவ்வாண்டு வகுப்புக்கு வேண்டியதை நேராகவே எழுதிவிடுகிறேன். வண்ணக்கோல்கள் வேண்டாம். வழிகாட்டி நூல்கள் சென்ற ஆண்டு வந்தவையே பிரிக்கப்படாமல் இருக்கின்றன. வெற்றுத்தாள் வேண்டும், நிறைய வேண்டும். ஒரு பக்கம் அச்சான பழைய அலுவலகத் தாள்கள் ஆனாலும் சரி. சிவப்பு எழுதுகோல் வேண்டும். தேர்வு மாதங்களில் மண்டபத்தை இரவு பத்து மணிவரை திறந்துவைக்க இசைவும், அதற்கான மின்கட்டணமும் வேண்டும். மூன்று பேர் ஒரே அறையில் படுக்கும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அமைதியான மேசை இங்கேதான் இருக்கிறது. வடக்குப் பக்கத்து விசிறிகள் இரண்டும் ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு வேன் வேண்டும். இப்போது அவர்கள் எட்டரை மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் யாராவது வேன் ஓட்ட முன்வந்தால், ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்; எண்ணெய்ச் செலவை வகுப்புக் கணக்கில் பார்த்துக்கொள்கிறோம்.